கனடாவின் டெனேக்களும் அமெரிக்காவின் நவஹோக்களும் ஒரே மக்களா?

கேள்வி இது: கனடாவின் வடகோடியில் டெனே என்றொரு மக்கள் இருக்கிறார்கள், அரிசோனா, நியூ மெக்சிகோவில் வாழும் நவஹோக்களும் தங்களை டினே என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நடுவில் 3,000 கிலோமீட்டர். எரிமலை வெடித்ததால் தெற்கே ஓடியவர்களே நவஹோக்கள் என்று ஒரு காணொளி சொல்கிறது, எல்லோரும் சைபீரியாவிலிருந்து வந்தவர்கள் என்று இன்னொன்று சொல்கிறது. எது உண்மை? இருவரும் சந்தித்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியுமா?

இதில் நான்கைந்து கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் கிடையாது. மொழி உறவு உறுதியானது, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தெற்கே இருப்பவர்களின் மொழி வடக்கிலிருந்து பிரிந்து போனது என்பதும் ஏறக்குறைய உறுதி. எப்போது, எந்த வழியாக என்பதற்குச் சில நல்ல தடயங்கள் உண்டு. எரிமலை ஒரு கருதுகோள். சைபீரியா விஷயத்தில் இரண்டு வெவ்வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். பேச்சு புரியுமா என்றால், புரியாது.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். கனடாவின் வடமேற்கு ஆட்புலங்கள் (Northwest Territories) என்ற நிர்வாகப் பகுதியில் கிரேட் ஸ்லேவ் ஏரி, கிரேட் பேர் ஏரி, மெக்கன்சி ஆறு ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஊசியிலைக் காடுகளும் அதற்கு வடகிழக்கே மரமில்லாச் சமவெளியின் விளிம்பும்தான் டெனேக்களின் நிலம். அதை அவர்கள் டெனென்டே என்கிறார்கள். அதற்குள் டெனே சூலினே, ட்லிச்சோ, டேச்சோ, சாட்டு, குவிச்சின் என்று பல குழுக்கள். சஸ்காட்சவான், மனிடோபா, ஆல்பர்ட்டா மாகாணங்களின் வட பகுதிகளிலும் டெனே சூலினே ஊர்கள் உண்டு. பழைய புத்தகங்களில் சிப்பெவையன், டாக்ரிப், ஸ்லேவி என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். அவை அண்டைத் தொல்குடியான க்ரீ மக்களும் வணிகர்களும் வைத்த பெயர்கள், ஆட்கள் இவர்களேதான். ஆர்க்டிக் கரையோரத்து இனுயிட் மக்களை இவர்களோடு சேர்த்துவிடாதீர்கள். அவர்களது மொழிக் குடும்பமே வேறு.

வடமேற்கு ஆட்புலங்களில் சட்டப்படி 11 ஆட்சி மொழிகள். அவற்றில் ஐந்து டெனே மொழிகள்: சிப்பெவையன், ட்லிச்சோ, வட ஸ்லேவி, தென் ஸ்லேவி, குவிச்சின். ஆக 'டெனே மொழி' என்று ஒருமையில் சொல்வதே சரியில்லை. மொழியியலில் அதபாஸ்கன் என்று அறியப்படும் குடும்பம் இது; இப்போது டெனே மொழிக் குடும்பம் என்றே பலர் எழுதுகிறார்கள். மறைந்துபோனவற்றையும் சேர்த்துச் சுமார் 40 மொழிகள். மூன்று இடங்களில் திரள் திரளாகக் கிடக்கின்றன: அலாஸ்காவும் வடமேற்குக் கனடாவும் ஒரு திரள், ஓரிகன், வட கலிபோர்னியாக் கடற்கரையில் ஹூபா, டொலோவா போன்றவை இன்னொன்று, தென்மேற்கில் நவஹோவும் அப்பாச்சி மொழிகளும் மூன்றாவது.

இவை ஒரே குடும்பம் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்? டெனே, டினே என்று பெயர் ஒத்துப்போவதை வைத்து அல்ல. ஒரே ஒரு சொல் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. நவஹோவில் 'நி' என்றால் நீ. தமிழிலும் 'நீ'. உடனே தமிழர்கள்தான் அரிசோனாவுக்குப் போனார்கள் என்று கிளம்பிவிட ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒற்றுமை தற்செயல். அதற்குப் பக்கத்தில் வைக்க அடுத்த சொல் கிடைக்காது. குடும்ப உறவுக்குத் தேவை வரிசை: ஒரு மொழியில் ஓர் ஒலி வரும் இடத்திலெல்லாம் மற்றதில் இன்னொரு குறிப்பிட்ட ஒலி வரவேண்டும், சொல்லுக்குச் சொல் தவறாமல்.

தலை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மொழிகளில் உடலுறுப்புகளின் பெயர் தனியாக நிற்காது. என் தலை, உன் தலை என்று யாருடையதாவதாகத்தான் வரும். 'என் தலை' நவஹோவில் ஷிட்ஸீ. டெனே சூலினேயிலும் தென் ஸ்லேவியிலும் செத்தீ. இந்தத் 'த்'தை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே நீட்டிக் காற்றோடு சொல்லவேண்டும். மெக்கன்சி மலைக்காரர்களின் வழக்கில் செப்பீ. கிரேட் பேர் ஏரிக்கரையில் டெலினே ஊரில் செக்வீ. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஃபோர்ட் குட் ஹோப்பில் செஃபீ. கடைசி இரண்டு ஊர்களுக்கும் இடையே 300 கிலோமீட்டர்கூட இல்லை. ட்ஸ், த், ப், க்வ், ஃப் என்று பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஒலிகள். ஆனால் கல் என்ற சொல்லுக்குப் போங்கள். நவஹோவில் ட்ஸே, டெனே சூலினேயில் அதே பல்லிடை ஒலியோடு த்தே, டெலினேயிலும் ட்லிச்சோவிலும் க்வே, குட் ஹோப்பில் ஃபே. அதே வரிசை, அதே இடங்களில். மூல மொழியில் இருந்த ஒரே 'ட்ஸ்' ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு திசையில் நகர்ந்திருக்கிறது. இப்படி ஓரிரு சொல் அல்ல, நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். தண்ணீர் நவஹோவில் டோ, டெனே சூலினேயில் டு, ட்லிச்சோவில் டி, குவிச்சினில் சூ. நெருப்பு நவஹோவிலும் வடக்கிலும் ஏறக்குறைய 'கோ'தான்.

இன்னும் நுணுக்கமான சான்று தொனியில் இருக்கிறது. இம்மொழிகளில் பல, சொல்லை உயர்த்திச் சொல்வதா தாழ்த்திச் சொல்வதா என்பதில் பொருள் வேறுபடுபவை. தலை என்ற சொல் டெலினேயில் உயர்ந்த தொனியில் வரும். ஏறக்குறைய அதே 'க்வீ' பக்கத்திலேயே இருக்கும் ட்லிச்சோக்களிடம் தாழ்ந்த தொனியில். நவஹோவிலும் தாழ்ந்ததுதான். இது தாறுமாறாக நடப்பதில்லை. ஒரு மொழியில் உயர்வது இன்னொன்றில் தாழ்கிறது, கண்ணாடியில் பார்த்ததுபோல. காரணம், மூல மொழியில் தொனியே இல்லை. உயிரெழுத்தின் பின்னால் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஓர் ஒலி இருந்தது. தொண்டை இறுகினால் குரல் மேலேயும் போகலாம், கரகரத்துக் கீழேயும் இறங்கலாம். இறுக்கம் மறைந்தபோது சில மொழிகள் முதலதைப் பிடித்துக்கொண்டன, சில இரண்டாவதை. மொழியியலாளர் மைக்கேல் க்ராஸ் இதை முறையாக விளக்கிய பிறகு, முரண்பாடாகத் தெரிந்த ஒன்றே உறவுக்கு வலுவான சான்றாகிவிட்டது.

இதற்கெல்லாம் மேல் வினைச்சொல் இருக்கிறது. நம் பள்ளி இலக்கணத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள்: பகுதி முதலில், விகுதி கடைசியில், நடுவே இடைநிலை. டெனே மொழிகளில் இது தலைகீழ். பகுதி கடைசியில் நிற்கும். எந்தத் திசையில், மறுபடியுமா, எதை, எந்த நிலையில், யார் என்பதெல்லாம் முன்னால் வரிசை கட்டி வந்து ஒன்றோடொன்று உருகிப்போகும். அந்த வரிசை மாறாது. நவஹோவில் எது முன், எது பின் என்று இருக்கிறதோ ஏறத்தாழ அதே ஒழுங்கு குவிச்சினிலும் இருக்கும். (வாக்கிய அமைப்பு மட்டும் நமக்குப் பழக்கமானது: எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை, வேற்றுமைப் பொருள் தரும் சொற்கள் பெயருக்குப் பின்னால். இதை வைத்தும் உறவு கொண்டாட வேண்டாம். உலகின் மொழிகளில் ஏறக்குறையப் பாதி இப்படித்தான்.)

பகுதிக்கு நேர் முன்னால் ஒரு சின்ன இடம் உண்டு. அதில் நான்கே நான்கு பொருட்கள்தான் வரமுடியும்: ஒன்றுமில்லாதது, காற்றூதும் ல், ட், சாதாரண ல். காற்றூதும் ல் என்பது, ல் சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக் குரலில்லாமல் மூச்சை மட்டும் விட்டால் வருவது. நவஹோவில் யிபேஷ் என்றால் அது கொதிக்கிறது. அந்த ல்லை நடுவில் செருகி யிஃல்பேஷ் என்றால் அவர் அதைக் கொதிக்கவைக்கிறார். தன்வினை, பிறவினை, நாம் உருள், உருட்டு என்று செய்வதை அவர்கள் பகுதிக்கு முன்னால் ஒற்றை ஒலியை வைத்துச் செய்கிறார்கள். இந்த நான்கு உறுப்புகளும் அவற்றின் வேலையும் வடக்கிலும் தெற்கிலும் பொது. சொல்லைக் கடன் வாங்கலாம். இப்படியொரு இயந்திரத்தை உறுப்பு உறுப்பாக யாரும் கடன் வாங்குவதில்லை.

பொருளைக் கையாளும் வினைகளும் அப்படித்தான். 'கொடு' என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை. கொடுப்பது கல், ஆப்பிள் போல உருண்டு திரண்டதா, பென்சில் போல நீண்டு விறைப்பானதா, துணி போல மடியக்கூடியதா, கயிறு போன்றதா, டம்ளரில் நிறைந்த டீயா, சேறு போல் குழைந்ததா, உயிருள்ள குழந்தையா என்பதைப் பொறுத்துப் பகுதியே மாறும். நவஹோவில் இப்படிப் பத்துப் பதினொன்று வகை. வடக்கிலும் இதே பாணிதான், எண்ணிக்கையில்தான் கூடக் குறைய. புகையிலை என்ற ஒரே பெயர்ச்சொல்லோடு நீளப்பொருள் வினையைச் சேர்த்தால் அது சிகரெட். உதிரிப்பொருள் வினையைச் சேர்த்தால் தூள் புகையிலை. புதிதாகக் கற்பவர்கள் பெயர்ச்சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு வினையில் கோட்டைவிடுவது இங்கேதான். அகராதியில் 'கொடு' என்று தேடினால் எதுவும் கைக்குச் சிக்காது.

இத்தனை ஒற்றுமை இருந்தும் பேச்சு புரியாததற்கும் இதுவே காரணம். முன்னால் அடுக்கிய உறுப்புகள் ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறு விதமாக உருகி ஒட்டியிருப்பதால், எழுதிவைத்துப் பிரித்தால் தெரியும் உறவு காதுக்குத் தெரியாது. ஒரு நவஹோக்காரருக்கும் டெனே சூலினே பேசுபவருக்கும் தண்ணீர், நெருப்பு, கல், சில எண்கள் சட்டென்று பிடிபடும், அந்த மகிழ்ச்சியும் நிஜம்தான். அதற்கப்புறம் ஆங்கிலம்தான். வடக்கிற்குள்ளேயே ட்லிச்சோவும் ஸ்லேவியும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். குவிச்சின் இவர்களுக்கு அந்நியம்.

இனி எந்தத் திசையில் போனார்கள் என்பது. ஒரு மொழிக் குடும்பம் எங்கே அதிகம் கிளைத்து, ஒன்றுக்கொன்று அதிகம் விலகிக் கிடக்கிறதோ, அங்கேதான் நெடுங்காலம் இருந்திருக்கும் என்பது பொது விதி. தெற்கில் உள்ள ஏழு மொழிகளும் நெருங்கிய உடன்பிறப்புகள். வடக்கில், அதிலும் யூகான், அலாஸ்கா, வட பிரிட்டிஷ் கொலம்பியாவில், கிளைகள் ஆழமாகப் பிரிந்திருக்கின்றன. குடும்பத்துக்கு வெளியே உள்ள நெருங்கிய உறவினரும் அங்கேதான்: அலாஸ்காக் கடற்கரையின் ஏயாக் மொழி (அதைப் பிறப்பிலிருந்து பேசிய கடைசி நபர் மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008 ஜனவரியில் இறந்தார்), அடுத்து டிலிங்கிட். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே என்பதை மறுக்கும் மொழியியலாளர் இன்று இல்லை என்றே சொல்லலாம்.

எரிமலைக்கு வருவோம். அலாஸ்கா, யூகான் எல்லைக்கு அருகே உள்ள சர்ச்சில் மலை கி.பி. 850ஐ ஒட்டிப் பெரிதாக வெடித்தது. அதன் சாம்பல் கிழக்கே தெற்கு யூகானில் பரவி வடமேற்கு ஆட்புலங்கள் வரை படிந்தது. அயர்லாந்தின் கரிச்சேற்றிலும் கிரீன்லாந்துப் பனியிலும்கூட அதன் துகள்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். யூகானில் சாலை வெட்டிய கரைகளில் அந்த வெள்ளைப் படலத்தை இன்றும் வெறும் கண்ணால் பார்க்கலாம். வெடிப்பு நடந்தது உறுதி. வேட்டை விலங்குகளும் மீனும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதும் நியாயமான ஊகம். யூகானில் உருகிவரும் மலைப் பனித்திட்டுகளில் கிடைக்கும் ஆயுதங்களைப் பார்த்தால், எறிகோலால் வீசும் ஈட்டி போய் வில்லும் அம்பும் வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ஆக ஏதோ ஓர் அசைவு இருந்திருக்கிறது. ஆனால் ஈட்டிமுனைக்கு மொழி கிடையாது. அந்தச் சாம்பலிலிருந்து விலகிப் போனவர்கள்தான் நவஹோக்களின் முன்னோர் என்று காட்டும் நேரடிச் சான்று ஒன்றுமில்லை. காலம் பொருந்துகிறது, கதை அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் காணொளி 'கருதுகிறார்கள்' என்ற சொல்லை விழுங்கியிருக்கிறது.

வழியில் கிடைத்த தடயங்களில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது செருப்பு. அமெரிக்காவின் யூட்டாவில் கிரேட் சால்ட் ஏரிக்கு வடக்கே ப்ரோமண்டரி என்ற குகைகள். 1930, 31இல் மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட் அங்கே தோண்டினார். உலர்ந்த குகை என்பதால் தோலும் நாரும் அழுகாமல் கிடந்தன. இதுவரை நூற்றுக்கணக்கான மொக்கசின்கள், அதாவது மென்தோல் செருப்புகள், கிடைத்திருக்கின்றன. இவை வடக்கத்தி வெட்டு என்று ஸ்டூவர்ட்டே 1937இல் எழுதிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து கனடாவின் ஜான் ஐவ்ஸ் குழு மறுபடி தோண்டிக் கரிமக் காலக்கணிப்பு செய்தது. பெரும்பகுதி கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்குள் அடங்குகிறது.

வெட்டு என்றேனே, அது இப்படி. அடிப்பாகமும் பக்கவாட்டும் ஒரே தோல் துண்டு. அதை மேலே மடித்துக் கொண்டுவந்து, பாதத்தின் மேல்பகுதியில் வைக்கும் நாக்கு வடிவச் சிறு துண்டோடு தைக்கவேண்டும். கீழ்த்தோலின் விளிம்பு நீளம் அதிகம், மேல்துண்டின் விளிம்பு குறைவு. அதிகப்படியை நுனியில் நெருக்கமான சிறு சுருக்கங்களாக மடித்து மடித்துத் தைத்தால்தான் இரண்டும் பொருந்தும். குதிகாலில் தையல் தலைகீழ் டி வடிவில் வரும். கனடாவின் வடகாடுகளில் டெனேப் பெண்கள் தைத்துவந்த முறை இது. அதே காலத்தில் யூட்டாவில் வாழ்ந்த ஃப்ரீமாண்ட் பண்பாட்டாரின் செருப்பு வேறு மாதிரி வெட்டப்பட்டது. சுருக்கம் வைக்கும் கை தாயிடமிருந்து மகளுக்குப் போவது. கடையில் பார்த்துக் கற்பதல்ல. குகையில் கிடந்தவற்றில் குழந்தைகளின் அளவுகள் ஏராளம். எனவே வந்துபோன வேட்டைக்காரர் கூட்டமாக இருக்கமுடியாது. குடும்பம் குடும்பமாக, பிள்ளைகுட்டிகளோடு தங்கியிருக்கிறார்கள். தோல் மட்டும் வடக்கத்தி மான்களான காரிபூவோ மூஸோ இல்லை, பெரும்பாலும் அங்கே கிடைத்த பைசன் என்னும் காட்டெருமை.

அந்தத் தோலை எப்படிப் பதப்படுத்துவது என்பதும் கேட்கத் தகுந்தது, இன்றும் வடக்கில் நடப்பது. உரித்த மூஸ் தோலைச் சட்டத்தில் கட்டி, அல்லது கட்டையில் போட்டு, உட்புறத்துச் சதையை மூஸின் கால் எலும்பில் பல் வெட்டிச் செய்த கருவியால் சுரண்டுவார்கள். மயிரை மழித்து, அதன் கீழுள்ள மேல்தோல் படலத்தையும் எடுத்துவிடவேண்டும். அந்தப் படலம் எங்காவது மிச்சமிருந்தால் அங்கே எதுவும் உள்ளே இறங்காது, அந்த இடம் அட்டை போல் விறைத்துவிடும். பிறகு விலங்கின் மூளையை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தோலை ஊறவைப்பார்கள். மூளையில் உள்ள கொழுப்பு நீரோடு கலந்து நிற்கக்கூடியது என்பதால் நாருக்கு நார் ஊடுருவும். முறுக்கிப் பிழிவது, நாலா பக்கமும் இழுப்பது, சுரண்டுவது, மறுபடி ஊறவைப்பது. காயும் வரை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இழுப்பதை நிறுத்தினால் நார்கள் ஒட்டிக்கொண்டு மறுபடி பச்சைத் தோலாகிவிடும். ஒரே சுற்றில் மென்மையாவது அரிது. கடைசியில் தோலைப் பை போல் தைத்து, உளுத்துப்போன ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் கட்டையைப் புகையவிட்டு அதன்மேல் தொங்கவிடுவார்கள். கட்டை புகையவேண்டும், கொழுந்துவிடக் கூடாது. சூடு ஏறினால் தோல் சுருங்கி வெந்துபோகும், அத்தனை நாள் உழைப்பும் வீண். புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருட்கள் தோலின் நார்களைப் பிணைத்துவிடுவதால், பிறகு நனைந்து காய்ந்தாலும் கையால் கசக்கினால் மென்மை திரும்பிவிடும். புகையேற்றாத தோல் ஒரு மழையில் விறைத்துப்போகும். சதுப்பும் பனியும் மாறிமாறி வரும் நாட்டில் புகை அலங்காரத்துக்கு இல்லை.

செருப்புச் சான்றிலும் ஓட்டை உண்டு. இன்றைய நவஹோ மொக்கசினுக்குக் கெட்டித் தோலில் தனி அடிப்பாகம். தென்மேற்கின் முள்ளுக்கும் பாறைக்கும் மெல்லிய அடி தாங்காது. வந்த இடத்தில் வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். அதனால் ப்ரோமண்டரி மக்கள் டெனே மொழி பேசியிருக்க மிக வாய்ப்புண்டு என்று சொல்லலாம். அவர்களின் பேரப்பிள்ளைகளே நவஹோக்கள் என்று கையெழுத்துப் போடமுடியாது. அதன் பிறகு எழுத்துச் சான்று வருகிறது. 1541இல் கொரொனாடோவின் ஸ்பானியப் படை தென் சமவெளியில் பைசனைத் துரத்தி வாழும் கெரெச்சோ என்ற மக்களைப் பார்த்தது; அவர்கள் அப்பாச்சிகள் என்பது பெரும்பாலோர் கருத்து. 1626இல் ஒரு ஸ்பானியப் பாதிரியாரின் குறிப்பில் நவஹோ அப்பாச்சிகள் என்ற பெயரே வந்துவிடுகிறது. செம்மறியாடு ஸ்பானியர் வழியாக வந்தது, மக்காச்சோள விவசாயமும் தறியும் பெரிதும் தென்மேற்கின் விவசாயத் தொல்குடிகளான புவெப்லோ மக்களின் தொடர்பால் வந்தவை. நவஹோப் பண்பாட்டில் டெனே பாதி, புவெப்லோ பாதி என்பதுபோல் எழுதுவது எளிமைப்படுத்தல்தான், ஆனாலும் திசை சரி. நவஹோக்களின் சொந்த மரபுக்கதை வேறு: கீழுள்ள உலகங்களைக் கடந்து இந்த உலகில் தோன்றியவர்கள், நான்கு புனித மலைகளுக்கு நடுவே உள்ளதே தங்கள் இடம் என்கிறது. இடப்பெயர்வுக் கதையை ஏற்காத நவஹோக்கள் பலர் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவதே முறை.

சைபீரியா. இங்கே கலந்துபோயிருப்பவை இரண்டு. அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகள் எல்லோருடைய முன்னோரும் பனியூழிக் காலத்தில் வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பது ஒன்று; அது பல்லாயிரம் ஆண்டுப் பழைய சங்கதி, டெனேக்களுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாவது, 2008இல் மொழியியலாளர் எட்வர்ட் வாஜ்டா முன்வைத்தது: சைபீரியாவின் யெனிசெய் ஆற்றங்கரையில் மிகச் சிலர் மட்டும் பேசும் கெட் மொழிக்கும் டெனே, ஏயாக், டிலிங்கிட் மொழிகளுக்கும் பொது மூலம் உண்டு என்பது. கெட் மொழியின் வினையும் முன்னொட்டுகள் வரிசை கட்டி வருவதுதான். அவர் வினை உறுப்புகளையும் ஒலி வரிசைகளையும் வைத்தே வாதிட்டார், அதனால்தான் முன்பு வந்த எத்தனையோ கண்டம்தாண்டி ஒப்பீடுகளைவிட இதை மதித்துப் படித்தார்கள். சிலர் ஏற்றார்கள். லைல் கேம்ப்பெல் போன்ற மொழியியலாளர்கள் ஒப்பீடுகள் குறைவு, தற்செயலை விலக்கப் போதாது என்று மறுத்தார்கள். என் கணிப்பில் இது நல்ல தொடக்கம், முடிந்த வழக்கு இல்லை. உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பது அதிலிருந்து தானாக வராது. ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடைப்பட்ட பெரிங் பகுதியிலிருந்து ஒரு கிளை ஆசியாவுக்குத் திரும்பியிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மரபணு ஆய்வுகளில் வட டெனேக்களிடம் பிற தொல்குடிகளிடம் இல்லாத ஒரு சிறு பங்கு தெரிகிறது. அது எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நவஹோ அரசு 2002 முதல் தன் நிலத்தில் மரபணு ஆய்வை நிறுத்திவைத்ததால் தெற்குத் தரப்புத் தரவுகள் மெலிவானவை.

சடங்குகளை வைத்து இணைப்பவர்களும் உண்டு. பருவமடைந்த பெண் குழல் வழியாகவே தண்ணீர் குடிப்பது, தன் உடலை விரலால் சொறியாமல் அதற்கென உள்ள குச்சியால் சொறிவது ஆகியவை அப்பாச்சிகளிடமும் உண்டு, வடக்கே பல டெனேக் குழுக்களிடமும் இருந்தன. கேட்டால் அசந்துபோவோம். ஆனால் இதே வழக்கம் மேற்கு வட அமெரிக்காவில் சம்பந்தமில்லாத மொழிகள் பேசும் பல மக்களிடமும் பரவிக் கிடக்கிறது. ஆகவே சான்றாக இது பலவீனம். வினைச்சொல்லின் பக்கத்தில் வைக்கவே முடியாது.

ஒரே மக்களா என்பதற்கு அரசியல் அர்த்தம் ஒன்றும் உண்டு, அதில் பதில் தெளிவு: இல்லை. நவஹோக்களின் வரலாறு 1864இன் கட்டாய நெடுநடை, போஸ்கே ரெடோண்டோ முகாம், 1868 ஜூன் 1 உடன்படிக்கை என்று அமெரிக்காவோடு ஓடுகிறது. வட டெனேக்களுடையது விலங்குகளின் மென்மயிர்த்தோல் வணிகம், 1899இல் தொடங்கிய எட்டாம் உடன்படிக்கை, 1921இன் பதினோராம் உடன்படிக்கை என்று கனடாவோடு. நார்மன் வெல்ஸில் எண்ணெய் கிடைத்தது 1920இல். அடுத்த ஆண்டே உடன்படிக்கைக் குழு படகேறிவிட்டது. தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர் என்று அதில் எழுதிய தொகை இன்றும் அதே 5 டாலர். ஆங்கில வாசகம் நிலத்தை விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறது. மூத்தோர் அதை அமைதிக்கும் நட்புக்குமான ஒப்பந்தமாகவே நினைவில் வைத்திருந்தார்கள். 1973இல் பிரான்ஸ்வா போலெட் முதலிய தலைவர்கள் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தின்மீது உரிமைக்குறிப்பு பதியக் கேட்டபோது, நீதிபதி வில்லியம் மோரோ மூத்தோரின் வாய்மொழிச் சாட்சியங்களைக் கேட்டுவிட்டு, நிலவுரிமை போய்விட்டது என்பது சந்தேகத்துக்குரியது என்று தீர்ப்பளித்தார். மேல்நீதிமன்றங்கள் பதிவு பற்றிய சட்ட நுணுக்கத்தில் அதைத் தள்ளின. நிலவுரிமை பற்றிய அவருடைய கருத்தோ அரசைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவிட்டது. 1975 ஜூலையில் ஃபோர்ட் சிம்ப்சனில் தங்களை ஒரு தேசமாக அறிவித்த டெனே பிரகடனம், 1977இல் மெக்கன்சி எரிவாயுக் குழாய்வழியைப் பத்தாண்டு தள்ளிவைக்கச் சொன்ன தாமஸ் பெர்ஜரின் அறிக்கை என்று அது வளர்ந்தது. ஒன்றுபட்ட நிலவுரிமைக் கோரிக்கை 1990இல் உடைந்தது. பிறகு குவிச்சின் 1992, சாட்டு 1993, ட்லிச்சோ 2003 (நடைமுறைக்கு வந்தது 2005) என்று தனித்தனி ஒப்பந்தங்கள். வடக்கத்தி டெனேக்களுக்கு உள்ளேயே ஒரே ஆட்சி கிடையாது.

பேசுவோர் எண்ணிக்கையிலும் ஏணி வைத்தால் எட்டாது. நவஹோவை 2010 வாக்கில் சுமார் 1,70,000 பேர் பேசினார்கள். டெனே சூலினேக்கு பத்தாயிரம் சொச்சம், ட்லிச்சோவுக்கு இரண்டாயிரம் அளவில், குவிச்சினுக்குச் சில நூறு. இரு நாடுகளிலும் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளியில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். சின்ன மொழிகளில் அந்தக் காயம் ஆழமாக விழுந்தது.

இதைப் பற்றிக் கட்டுரையோ பள்ளித் திட்டமோ தயாரிப்பதாக இருந்தால் சில நடைமுறைக் குறிப்புகள். 'நவஹோ டெனேயிலிருந்து வந்தது' என்று எழுதாதீர்கள். இரண்டும் இன்று இல்லாத ஒரு மூல மொழியின் பிள்ளைகள். வரைபடத்தில் வடக்கையும் தெற்கையும் ஒரே அம்புக்குறியால் இணைக்காதீர்கள். கலிபோர்னியாக் கடற்கரையில் மூன்றாவது திரள் இருக்கிறது, கனடாவின் கால்கேரி நகருக்குப் பக்கத்தில் சமவெளி வாழ்க்கைக்கு மாறிய, இதே மொழிக் குடும்பத்து ட்ஸூட்டினாக்கள் இருக்கிறார்கள். புறப்பாடுகள் பல, வெவ்வேறு காலங்களில். சொற்பட்டியல் ஒப்பிடும்போது இடப்பெயர், பொருட்பெயர்களை விட்டு உடலுறுப்பு, நெருப்பு, நீர், சிறு எண்களில் தொடங்குங்கள். பழைய பட்டியல்களில் தொனிக்குறியும் தொண்டையடைப்பு ஒலியும் விடுபட்டிருக்கும். 1928இல் சீன அறிஞர் லி ஃபாங்-குவெய், பிரான்ஸ்வா மாண்டவில் சொல்லச் சொல்ல ஃபோர்ட் சிப்பெவையனில் எழுதிக்கொண்டவை போல ஒலிக்குக் காது கொடுத்த பதிவுகளையே நம்புங்கள். டெனேப் பெயர்களைத் தட்டச்சும்போது மூக்கொலிக் கொக்கியும் தொண்டைக்குறியும் எழுத்துருவில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரில் அந்தக் குறியை பிறப்புச் சான்றிதழில் ஏற்க மறுத்ததற்கு எதிராக வடமேற்கு ஆட்புலங்களில் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது.